டாட்ஜ் ராம் 24 வால்வ் கம்மின்ஸ்: ஃபீட் பம்ப் மாற்ற எதை வாங்கலாம்?

1998-ம் ஆண்டின் நடுவில் தொடங்கி 2002 வரை அமெரிக்காவில் வந்த டாட்ஜ் ராம் 2500, 3500 பிக்கப்களில் இருப்பது 5.9 லிட்டர், 24 வால்வ் கம்மின்ஸ் ஐ.எஸ்.பி. இன்ஜின். இன்ஜின் கெட்டி. தகராறு எல்லாம் அதற்கு டீசல் ஊட்டும் வரிசையில்தான். விலை குறைந்த பம்ப் முதலில் படுக்கும். போகிற போக்கில் ஆயிரம் டாலருக்கு மேல் விலையுள்ள இன்னொரு பம்ப்பையும் கூட்டிக்கொண்டு போகும். அதுவரை டேஷ்போர்டில் ஒரு விளக்குகூட எரியாது.

டேங்கிலிருந்து டீசலை இழுப்பது கார்ட்டர் தயாரிப்பான எலெக்ட்ரிக் ஃபீட் பம்ப். அமெரிக்கர்கள் இதை லிஃப்ட் பம்ப் என்பார்கள். இன்ஜின் பிளாக்கில் டிரைவர் பக்கம், ஃபில்ட்டருக்குக் கீழே போல்ட் போட்டு மாட்டியிருக்கும். அங்கிருந்து டீசல் ஃபில்ட்டருக்கு, ஃபில்ட்டரிலிருந்து பாஷ் விபி44 பம்ப்புக்கு. டீசலை அழுத்தி இன்ஜெக்டர்களுக்கு அனுப்பும் இன்ஜெக்‌ஷன் பம்ப் அது; முதலில் சொன்ன விலை கூடிய பம்ப்பும் இதுதான். விபி44 ரோட்டரி வகை. தலையில் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டரையும் சுமந்துகொண்டிருக்கிறது.

இதே ராமில் 1994 முதல் 1998 வரை வந்த 12 வால்வ் இன்ஜினில் பாஷ் பி7100 இன்லைன் பம்ப். ஜாம்ஷெட்பூரில் டாடா கம்மின்ஸ் செய்ததும் கம்மின்ஸின் இதே பி (B) வரிசை இன்ஜின் குடும்பம்தான் என்பதால், நம் ஊர் லாரி மெக்கானிக்குகளுக்கு இன்லைன் பம்ப் கைப்பழக்கம். அதன் கேம் பகுதிக்கு இன்ஜின் ஆயில் தனியாகப் போகும். ஃபீட் பம்ப் மந்தமானால் வண்டி இழுக்காது, ஆனால் பம்ப் உடனே சாகாது. விபி44-க்கு அந்தச் சலுகை இல்லை. வழவழப்புக்கும் டீசல்தான், சூட்டைத் தணிப்பதற்கும் டீசல்தான். உள்ளே வரும் டீசலில் ஏறக்குறைய 70 சதவீதம் எரிவதே இல்லை. பம்ப்பைக் குளிரவைத்துவிட்டு டேங்குக்குத் திரும்பிவிடும்.

ஃபீட் பம்ப்புக்கு டாட்ஜ் வைத்த பரிசோதனை அளவு 30 விநாடியில் குறைந்தது 45 அவுன்ஸ், அதாவது சுமார் 1.3 லிட்டர். மணிக்கணக்கில் பார்த்தால் 160 லிட்டர். முழுச் சுமையில் இன்ஜின் குடிப்பது இதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. "வண்டிதான் ஓடுகிறதே, பம்ப்புக்கு என்ன?" என்ற கேள்விக்குப் பதில் இதற்குள் இருக்கிறது. எரிவதற்கு வேண்டிய டீசலை விபி44 தன் உள்ளிருக்கும் வேன் (சுழலும் தகடு வகை) பம்ப்பால் தானே உறிஞ்சிக்கொள்ளும். அதனால் ஃபீட் பம்ப் முழுக்கச் செத்த பிறகும் வண்டி ஸ்டார்ட் ஆகும், நெடுஞ்சாலையில் ஓடும். குளிர்விக்க வரவேண்டிய டீசல் மட்டும் வராது.

முதலில் கேஜ், பிறகு பம்ப்

இந்த வண்டியில் டீசல் அழுத்தத்தைப் பார்க்கும் சென்சார் கிடையாது. பி0230 என்ற பழுதுக் குறியீடு (கோடு) வந்தால் ஃபீட் பம்ப்பின் மின்சுற்றில் கோளாறு என்று பொருள்; பம்ப் சுற்றுகிறது, ஆனால் அழுத்தம் தரவில்லை என்பதை எந்தக் கோடும் சொல்லாது. ஆகவே இங்கே அலசப்போகும் எந்தப் பம்ப்பை வாங்கினாலும், அதற்கு முன் 0–30 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்ட்) அழுத்த கேஜ் ஒன்றை வாங்கி டிரைவர் கண்ணில் படும் இடத்தில் மாட்டுவதுதான் எங்கள் பரிந்துரை. இத்தனை மைலுக்கு ஒருமுறை மாற்று என்ற கணக்கு இந்தப் பம்ப்புக்கு உதவாது.

விபி44-க்குள் நுழையும் இடத்தில் அளக்க வேண்டும். ஐடிலிங்கில் 14 பி.எஸ்.ஐ. சுற்றி நின்றால் நல்லது. சுமையோடு மேட்டில் ஏறி ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தாலும் 10-க்குக் கீழே இறங்கக் கூடாது. 5-ஐத் தொட்டால் வண்டியை ஓரங்கட்டுங்கள். 14 என்ற எண்ணுக்குக் காரணம் உண்டு. விபி44-ன் ரிட்டர்ன் பக்கத்தில் இருக்கும் ஓவர்ஃப்ளோ வால்வ் கிட்டத்தட்ட 14 பி.எஸ்.ஐ.-யில்தான் திறக்கும்; அது திறந்தால்தான் குளிர்விக்கும் ஓட்டம் சரியாக நடக்கும். மறுபக்கம், 20-க்கு மேல் ஏற்றினால் ஷாஃப்ட் சீல் கசியும் அபாயம். நிறைய அழுத்தம் இருந்தால் நிறைய நல்லது என்று நினைப்பவர்கள் செய்யும் தவறு அது.

கேஜ் மாட்டுவதில் மூன்று விஷயம். டீசல் குழாயை நேராக கேபினுக்குள் கொண்டுவரக் கூடாது. எலெக்ட்ரிக் சென்டர் (அழுத்தத்தை மின்சைகையாக்கி அனுப்பும் சென்சார்) அல்லது டீசலை கேபினுக்கு வெளியே நிறுத்தும் ஐசோலேட்டர் வேண்டும். விபி44 உறிஞ்சும்போது லைனில் சுத்தியலால் அடிப்பதுபோல் அதிர்வு வரும். நடுவில் அதிர்வைத் தணிக்கச் சிறிய நீடில் வால்வோ ஸ்னப்பரோ வைக்காவிட்டால் சென்டர் சில மாதத்தில் பொய் சொல்லத் தொடங்கும். மூன்றாவது, மரை போட்ட இடங்களில் வெள்ளை டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். பிய்ந்த துணுக்கு ஒன்று ஃபில்ட்டருக்குப் பிறகு உள்ளே போனால் அதைத் தடுக்க வேறு எதுவும் இல்லை. டீசலுக்கு ஏற்ற திரவ சீலன்ட் போதும்.

கேஜ் வரும்வரை, ஃபில்ட்டர் ஹவுஸிங்கின் இரு பக்கமும் இருக்கும் டெஸ்ட் போர்ட்டில் தற்காலிகமாக அளக்கலாம். இரண்டுக்கும் இடையே 5 பி.எஸ்.ஐ.-க்கு மேல் வித்தியாசம் வந்தால் குற்றவாளி பம்ப் இல்லை, ஃபில்ட்டர்.

கடையில் கிடைப்பவை

பழையபடி கார்ட்டர் வகைப் பம்ப்பையே அதே இடத்தில் மாட்டலாம். விலை குறைவு, அரை நாள் வேலைகூட இல்லை. ஆனால் அது ஏன் கெட்டதோ அந்தக் காரணங்கள் எல்லாம் அப்படியே இருக்கும். பம்ப்புக்குத் தள்ளுவது எளிது, இழுப்பது கஷ்டம். டேங்க் பின்னால் இருக்க, இது இன்ஜினோடு ஒட்டிக்கொண்டு, அதன் சூட்டையும் அதிர்வையும் வாங்கிக்கொண்டு இழுக்கிறது. போதாக்குறைக்கு ஃபில்ட்டர் இதற்கு அடுத்துதான் வருகிறது. டேங்குக்குள் இருக்கும் சல்லடை தவறவிட்ட தூசி முழுவதும் முதலில் இதன் வழியே போகும். வண்டியை விற்கப் போகிறவருக்கு இது சரி. வைத்து ஓட்டுபவருக்கு இல்லை.

டேங்குக்குள் உட்காரும் பம்ப்பும் உண்டு. வாரன்ட்டி காலத்தில் டீலர்களே பல வண்டிகளில் இதை மாட்டினார்கள். இழுக்கும் கஷ்டம் தீரும், சத்தமும் வராது. ஆனால் கேஜில் பார்த்தால் 10-ஐத் தொடவே திணறும். உங்கள் வண்டியில் பிளாக் பக்கம் பம்ப்பே இல்லை என்றால் அது இந்த மாற்றம் நடந்த வண்டி. அதை மறுபடியும் அதே வகையால் மாற்றுவதில் அர்த்தமில்லை.

இவற்றுக்கு மேலே இரண்டு கம்பெனிகளின் பொருள்கள்: ஃபாஸ், ஏர்டாக். இரண்டும் மிசூரி மாநிலத்தில் செய்யப்படுபவை. பிக்கப் வைத்திருப்பவர்களுக்குள் எது உசத்தி என்று ரசிகர் மன்றச் சண்டை நடக்கும். விபி44-க்கு அந்த வித்தியாசம் தெரியாது.

ஃபாஸ் டி.ஆர்.பி. 02 இந்த வண்டிக்கென்றே செய்த மாற்றுப் பம்ப். தனி ஃபில்ட்டர் கிடையாது. வண்டியின் பழைய ஃபில்ட்டரே வேலை செய்யும். பழைய பம்ப் இருந்த இடத்திலேயே மாட்டலாம். எங்களுக்கு இதில் பிடித்தது பம்ப்பைவிட அதனோடு வரும் ரிலே வயரிங். ராமில் ஃபீட் பம்ப்புக்கு மின்சாரம் வருவது இன்ஜின் கம்ப்யூட்டரான இ.சி.எம்.-மிலிருந்து நேரடியாக. பெரிய பம்ப்பை அந்த பிளக்கிலேயே செருகினால் அதன் ஆம்பியரை இ.சி.எம். சுமக்க வேண்டும், உள்ளே பம்ப்பை இயக்கும் டிரைவர் சர்க்யூட் எரிந்தால் அந்தச் செலவு பம்ப்பைப் போலப் பல மடங்கு. ரிலே வைத்தால் பழைய பிளக் வெறும் சைகை மட்டும் தரும். பம்ப் பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாக ஓடும். ரிலே இல்லாத மலிவுப் பிரதிகளை வாங்க வேண்டாம் என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

குறையும் உண்டு. பிளாக்கில் மாட்டினால் சூடும் அதிர்வும் இதற்கும் உண்டு, இழுக்கும் தூரமும் குறையவில்லை. ஷாசி ஃபிரேமில், டேங்குக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். ஹோஸும் வயரும் கூடுதலாக வாங்க வேண்டிவரும், அவ்வளவுதான். ஏர்டாக்கின் ராப்டர் இதே தரத்து மாற்று. அது ஃபிரேமில் மாட்டவே செய்யப்பட்டது, ஃபில்ட்டர் கிடையாது. இரண்டில் கைக்குக் கிடைப்பதை வாங்கலாம்.

அடுத்த படி முழு செட்: ஃபாஸ் டைட்டானியம், ஏர்டாக் 100 போன்றவை. பம்ப், வாட்டர் செப்பரேட்டர், நுண் ஃபில்ட்டர் எல்லாம் ஒரே அடைப்பில் ஃபிரேமில் தொங்கும். அரை அங்குல ஹோஸ் வரும். டீசலிலிருந்து பிரிந்த காற்றை டேங்குக்கு அனுப்பத் தனி ரிட்டர்ன் லைன் போட வேண்டும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது இந்தக் காற்றுப் பிரிப்புதான். மைலேஜ் கூடும் என்றெல்லாம் எழுதுவார்கள். அதற்காக யாரும் பணம் போட வேண்டாம். பணம் போட நல்ல காரணம் வேறு இரண்டு. ஒன்று, வாட்டர் செப்பரேட்டர் பம்ப்புக்கு முன்னால் வருகிறது. தண்ணீரும் தூசியும் பம்ப்பையே தொடாது. இரண்டு, ஃபில்ட்டரின் நுண்மை. வண்டியோடு வந்தவை 10 மைக்ரான், பின்னால் 7 மைக்ரான். இவற்றில் 2, 3 மைக்ரான். விபி44-ன் உள் இடைவெளிகளுக்கு அந்த வித்தியாசம் பெரிது.

மணிக்கு 100 காலன் தரும் பம்ப் இந்த இன்ஜினுக்கு ஏராளம். டாட்ஜ் கேட்கும் அளவை காலனில் போட்டால் 42 சொச்சம்தான். இன்ஜெக்டர் மாற்றி, டியூனர் வைத்துக் குதிரைத்திறன் ஏற்றியவர்கள் மட்டும் 150 பக்கம் பார்க்கலாம்.

டிரெய்லர் இழுக்கும் வண்டி, மழையும் பனியும் உள்ள ஊர், டீசல் பிடிக்கும் பங்க் நம்பகமில்லை என்றால் முழு செட். வாரத்துக்கு நாலு நாள் ஊருக்குள் ஓடும், எதையும் மாற்றாத வண்டிக்கு டி.ஆர்.பி. 02-ஐ ஃபிரேமில் மாட்டி, மிச்சப் பணத்தில் கேஜும் நல்ல ஹோஸும். எங்கள் தேர்வு பெரும்பாலானவர்களுக்கு இந்த இரண்டாவதுதான்.

வாங்குமுன் ஒரு நிமிடம் பிளாக்கின் டிரைவர் பக்கம் கீழே குனிந்து பாருங்கள். பெரிய எழுத்தில் 53 என்று வார்ப்பில் இருந்தால், அது தண்ணீர் ஓடும் சுவர் மெலிந்து விரிசல் விடுவதற்குப் பேர்போன வார்ப்பு. எல்லாமே விரிசல் விடுவதில்லை. ஆனால் வெளியே கூலன்ட் கசிந்த கறை இருந்தால் எண்ணூறு டாலர் செட்டை அதில் மாட்டுமுன் யோசியுங்கள்.

மாட்டும்போது

இரண்டு பேட்டரியின் நெகட்டிவையும் கழற்ற வேண்டும். ஒன்றை மறப்பவர்கள் அதிகம். சப்ளை லைனைக் கழற்றியதும் அதை மாட்டியிருக்கும் பாஞ்சோ போல்ட்டை (உள்ளே குடைந்த போல்ட்) பார்த்தால், டீசல் போகும் துளை எவ்வளவு சிறியது என்று ஆச்சரியமாக இருக்கும். நல்ல பம்ப் வாங்கிவிட்டு இந்தப் பாஞ்சோக்களை அப்படியே விட்டால், குற்றால அருவியைப் புனலில் பிடிப்பதுபோல்தான். டேங்கிலிருந்து விபி44 வரை அரை அங்குல ஹோஸ், நேர் ஃபிட்டிங். அது முடியாவிட்டால், குறைந்தது பாஞ்சோவின் வாஷர்களையாவது புதிதாகப் போடுங்கள்.

பம்ப்புக்கு முன்னால் இருக்கும் இழுப்புப் பக்கத்தில் ஓட்டை இருந்தால் டீசல் சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். தரையில் ஈரமே இல்லாமல் கேஜ் முள் மட்டும் நடுங்கினால் இதுதான். டேங்க் மேல்மூடி பக்கத்து ரப்பர் ஹோஸ் இருபது வருடத்தில் வெடித்திருக்கும். டேங்கை இறக்குவதோ, பின்பெட்டியின் போல்ட்டுகளைக் கழற்றி ஒரு பக்கம் தூக்குவதோ உங்கள் வசதி. தூக்குவது சுலபம், ஆள்தான் வேண்டும். திறந்த கையோடு உள் சல்லடையையும் கழுவிவிடுங்கள்.

முழு செட்டில் அடிக்கடி வரும் புகார்: டேங்க் கால்வாசிக்கு வந்ததும் வண்டி அணைகிறது. புதிய உறிஞ்சு குழாய் அடிவரை எட்டாமல் நிற்பது ஒரு காரணம். ரிட்டர்னை உறிஞ்சும் இடத்துக்குப் பக்கத்திலேயே விட்டு, நுரை மறுபடி உள்ளே போவது இன்னொன்று. குழாயின் நுனியைச் சாய்வாக வெட்டி, அடியிலிருந்து அரை அங்குலம் விட்டு நிறுத்தினால் முதலாவது தீரும். ரிட்டர்னை டீசல் ஊற்றும் கழுத்தில் சேர்த்தால் இரண்டாவதும் தீரும்.

காற்று எடுப்பது எளிது. சாவியைப் போட்டு ஸ்டார்ட்டரை ஒரு தட்டு தட்டி, இன்ஜின் பிடிக்குமுன் விட்டுவிட்டால் ஃபீட் பம்ப் சுமார் 25 விநாடி தானாக ஓடும். மூன்று நான்கு முறை இப்படிச் செய்தால் ஃபில்ட்டர் நிரம்பிவிடும். அப்புறமும் பிடிக்காவிட்டால் 1, 3, 4-ம் சிலிண்டர் இன்ஜெக்டர் லைன் நட்டுகளைச் சற்றுத் தளர்த்தி கிராங்க் செய்யலாம். ஒரு தடவைக்கு 30 விநாடிக்கு மேல் வேண்டாம். நடுவே இரண்டு நிமிடம் ஸ்டார்ட்டர் ஆறட்டும். அந்த லைன்களின் அருகே வெறும் கையை வைக்காதீர்கள். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

புதுப் பம்ப் மாட்டியும் அழுத்தம் ஏறவில்லையா? பம்ப்பைத் திருப்பி அனுப்புமுன் விபி44-ன் ஓவர்ஃப்ளோ வால்வைக் கழற்றிப் பாருங்கள். திறந்தபடி சிக்கிக்கொண்டால் எவ்வளவு தள்ளினாலும் எல்லாம் ரிட்டர்னில் ஓடிவிடும். ஐடிலிங்கில் 15, மிதித்தால் 6 என்று விழுந்தால் இழுப்புப் பக்கத்தில் அடைப்பு. ஐடிலிங்கிலேயே 20-ஐத் தாண்டினால் ரிட்டர்ன் லைன் நசுங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு பம்ப்பின் ரெகுலேட்டரைக் குறையுங்கள்.

டீசலில் டூ ஸ்ட்ரோக் ஆயில் கலப்பதைப் பற்றிப் பலரும் கேட்பார்கள். 2006-க்குப் பிறகு அமெரிக்காவில் வந்த 15 பி.பி.எம். கந்தக டீசலுக்கு வழவழப்பு குறைவு என்பதால், ஒரு காலனுக்கு ஒரு அவுன்ஸ் டி.சி.-டபிள்யூ3 ஆயில் ஊற்றும் பழக்கம் விபி44 வைத்திருப்பவர்களிடம் உண்டு. கெடுதல் தெரியவில்லை. ஆனால் 4 பி.எஸ்.ஐ.-யில் ஓடும் பம்ப்பை எந்த ஆயிலும் காப்பாற்றாது.

விபி44 ஏற்கெனவே அடி வாங்கியிருந்தால்

சாவியை மூன்று முறை ஆன்–ஆஃப் செய்து ஆனில் விட்டால் ஓடோமீட்டரில் கோடு காட்டும். பி0216 வந்தால் பம்ப்பின் உள்ளே டைமிங் பிஸ்டன் ஒழுங்காக நகரவில்லை. கூடவே சூட்டில் ஸ்டார்ட் ஆக முரண்டு பிடிப்பது, மிதித்தால் சில விநாடி எதுவுமே நடக்காமல் இருப்பது, திடீரென்று அணைவது. இந்த நிலையில் புது ஃபீட் பம்ப் எதையும் மீட்டுத் தராது. ஆனாலும் முதலில் மாற்ற வேண்டியது அதுதான். இல்லாவிட்டால் புது விபி44-ம் அதே வழியில் போகும்.

ரீபில்ட் விபி44 வாங்கும்போது விற்பவரிடம் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: பாஷ் இ.பி.எஸ். 815 பெஞ்சில் ஓட்டிப் பார்த்ததா? அந்த மெஷின் இல்லாமல் இந்தப் பம்ப்பைக் கேலிபரேட் செய்ய முடியாது. எந்த இன்ஜினுக்கு என்பதும் முக்கியம். 2001–02-ல் ஆறு கியரோடு வந்த 245 குதிரைத்திறன் இன்ஜினின் பம்ப்பும் முந்தைய 235-ன் பம்ப்பும் ஒன்றல்ல.

மாட்டும் வேலையில் உயிர்நாடி, பம்ப் ஷாஃப்ட்டில் உட்காரும் சிறு சாவி (கியரை ஷாஃப்ட்டோடு பூட்டும் உலோகத் துண்டு). அதில் ஓர் எண் பொறித்திருக்கும்; பம்ப்பின் தகட்டில் உள்ள எண்ணும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். பழைய பம்ப்பின் சாவியைப் புதியதில் போட்டால் டைமிங் தவறி, சரியான பம்ப்பையே குறை சொல்வீர்கள். அம்புக்குறி பம்ப் பக்கம், அதாவது வண்டியின் பின்பக்கம் பார்த்திருக்கட்டும். பம்ப்பைப் பிடிக்கும் நட்டுகளுக்கு 32 அடி-பவுண்ட், ஷாஃப்ட் நட்டுக்கு 125. கழற்றும்போது முன் கவரின் துளை வழியே கியருக்குக் கீழே ஒரு துணியைத் திணித்துவிட்டே நட்டில் ஸ்பேனர் வையுங்கள். சாவியோ வாஷரோ நழுவி கியர் கேஸுக்குள் விழுந்தால், காந்தக் குச்சிக்கு அகப்படாத பட்சத்தில் முன் கவரையே இறக்க வேண்டிவரும்.